உணவுப் பட்டியலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: மதுரையில் உணவியல் படித்தவள் நான். திருமணமாகி அமெரிக்கா வந்து, இங்கே தேர்வெழுதி, இப்போது பால்டிமோர் நகரின் மேற்குப் பகுதியில் ஒரு சமூக மருத்துவ மையத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் குடும்பத்தினர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் தாய்க்கு மூன்று முறை உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். பையனின் எடை ஏறிக்கொண்டே போனது. நான்காம் முறை வரவேயில்லை. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி, தனியாளாக வளர்க்கிறார், பாட்டி துணைக்கு இருக்கிறார், இரண்டு பஸ் மாறித்தான் எங்களிடம் வர வேண்டும். இவருடைய மன அழுத்தம்தான் பையனின் எடைக்குக் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் முகத்தில் கவலையே தெரியாது. சிரித்த முகம், திடமான பேச்சு. 'ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதச் சொல்கிறார் மேலாளர். தாயின் மனநிலையைக் கேட்பது உணவியலாளரின் வேலையா? இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாமும் கையில் காசில்லாமல் வந்து கஷ்டப்பட்டவர்கள்தானே, நம் பிள்ளைகள் இப்படி ஆகவில்லையே என்று சில நேரம் மனம் சொல்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த எண்ணம் பலருக்கும் உண்டு. வாயால் சொல்லாவிட்டாலும் நோயாளியின் எதிரில் உட்காரும்போது முகம் சொல்லிவிடும். ஆகவே நீங்கள் வெளிப்படையாக எழுதியது நல்லது.

நாம் பட்ட கஷ்டம் பொய்யில்லை. ஆனால் நாம் விசா சலித்தெடுத்து அனுப்பிய கூட்டம். பட்டம், தேர்வு, வேலை எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் விமானம் ஏறினோம். நமக்குக் கதவைத் திறந்த 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம்கூட, கறுப்பின மக்கள் அடியும் சிறையும் பட்டு நடத்திய குடிமை உரிமைப் போராட்டத்தின் காலத்தில், அதன் வேகத்தில் வந்ததுதான். அவர்கள் வாழ்ந்த பால்டிமோர் வேறு. எந்தத் தெருவில் கறுப்பினத்தவர் குடியிருக்கலாம், எதில் கூடாது என்று 1910-இல் நகரசபையே சட்டம் போட்ட ஊர் அது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் பெருநகரமும் அதுவே. 1917-இல் உச்ச நீதிமன்றம் அவ்வகைச் சட்டங்கள் செல்லாது என்றது. ஆனால் 1930-களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் கறுப்பினக் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. முதலீடு போகாத இடத்துக்குப் பெரிய மளிகைக் கடையும் போகவில்லை. மேற்குப் பால்டிமோரைக் கிழக்கோடு இணைக்கவிருந்த ரயில் திட்டத்தை 2015-இல் ஆளுநர் லாரி ஹோகன் ரத்து செய்தார். 2023-இல் அடுத்து ஆளுநரான வெஸ் மூர் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார், ஆனால் அறிவிப்பில் ஏறி யாரும் ஊர் போக முடியாது. உங்கள் நோயாளி இரண்டு பஸ் மாறுவது அவருடைய சோம்பலோ தலையெழுத்தோ அல்ல.

நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2017 முதல் 2020 மார்ச் வரை எடுத்த கணக்கின்படி, 2 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் உடற்பருமன் உள்ளவர்கள் 19.7 சதவீதம். கறுப்பினப் பிள்ளைகளில் 24.8, இஸ்பானிய வம்சாவளியினரில் 26.2, வெள்ளையினத்தவரில் 16.6, ஆசியர்களில் 9.0. கடைசி எண்ணைப் பார்த்து நாம் மார்தட்ட வேண்டாம். ஆசியப் பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 23-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்ப் பரிசோதனையை யோசிக்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். ஒல்லியாகத் தெரிந்துகொண்டே சர்க்கரை நோயை வாங்கிக்கொள்வதில் நாம் கெட்டிக்காரர்கள். நோய்த் தடுப்பு மையத்தின் அதே கணக்கில் வருமானத்தை வைத்துப் பார்த்தால், மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளில் 25.8 சதவீதம், வசதியான குடும்பங்களில் 11.5. அதோடு, கறுப்பினப் பிள்ளைகளில் நால்வரில் மூவருக்கு உடற்பருமன் இல்லை. உங்கள் முன் வருகிற குடும்பம் தன் இனத்தின் மாதிரித் துண்டு அல்ல, ஒரு குடும்பம். அந்த அளவில்தான் அதைப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். தாயின் அழுத்தம் பையனின் எடையாக முடியுமா? முடியும், ஆனால் நேர்வழியில் அல்ல.

ஃபிலடெல்ஃபியாவிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரிடம் கேட்டு 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டியது. பெற்றோரின் வாழ்க்கையில் உள்ள சுமைகளின் எண்ணிக்கை கூடக் கூட, பிள்ளைக்கு உடற்பருமன் இருக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது. உடல்நலக் குறைவு, பணத் தட்டுப்பாடு, தனியாளாகக் குடும்பம் நடத்துவது போன்றவை அந்தச் சுமைகள். பெற்றோர் தாமே 'எனக்கு அழுத்தம் அதிகம்' என்று உணர்ந்த அளவோ, பிள்ளை துரித உணவு சாப்பிடும் தடவைகளோடு சேர்ந்து ஏறியது. 2008-இல் வெளியான இன்னொரு ஆய்வு குறைந்த வருமானக் குடும்பங்களை நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தது. அதில் வந்த முடிவு பலரும் எதிர்பாராதது. தாயின் சுமை கூடும்போது பிள்ளையின் எடை ஏறும் வாய்ப்பு, வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத குடும்பங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது, அதுவும் மூன்று முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம். யோசித்தால் புரியும். அலமாரியில் ஏதாவது இருந்தால்தானே அழுகிற பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுக்க முடியும்.

இவை சேர்ந்து வருவதைக் காட்டும் ஆய்வுகள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நிரூபிப்பவை அல்ல. பரம்பரை உண்டு, தூக்கம் உண்டு, சில மருந்துகள் உண்டு. 'அம்மாவின் டென்ஷன்தான் காரணம்' என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டால், நேற்று அவருடைய சமையலைக் குறை சொன்னீர்கள், இன்று மனதைக் குறை சொல்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓயாத அழுத்தத்தில் அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பு நிலைகுலைகிறது. இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த உணவின் மேல் ஆசை கூடுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. கலிஃபோர்னியாவில் மேரி டால்மன் குழுவினர் எலிகளை வைத்து ஆராய்ந்து 2003-இல் சொன்னது இன்னும் முக்கியம்: அந்த வகை உணவு, மூளையின் அழுத்த எதிர்வினையை உண்மையிலேயே தணிக்கிறது போலிருக்கிறது. சாப்பிட்டால் மனம் ஆறுகிறது என்று மக்கள் சொல்வது வெறும் சாக்கு அல்ல.

நீங்கள் தவறவிடுகிற இடம் இதுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஜாக்சன் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார். கறுப்பின அமெரிக்கர்களுக்கு வாழ்க்கைச் சுமை அதிகம், உடல் நோய்களும் அதிகம்; ஆனால் பெரும் மனச்சோர்வு நோய் வெள்ளையினத்தவரைவிட அதிகமாகக் காணப்படவில்லை. ஏன்? அவர் சொன்ன விளக்கம்: கையெட்டும் தூரத்தில் கிடைக்கிற உணவு, சிகரெட், மது ஆகியவற்றைக் கொண்டு மக்கள் மனதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், அதற்கான விலையை உடல் கொடுக்கிறது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்களைப் போன்ற ஒருவருக்கு இது மிகப் பயனுள்ள பார்வை என்பது என் கருத்து. பால்டிமோர் மூலைக்கடைகளில் விற்கும் அந்தப் பொரித்த கோழிப் பெட்டி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இரவெல்லாம் முதியவர்களைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு வருகிற ஒரு பெண்ணைச் சிதறாமல் வைத்திருக்கிறது. அந்த வேலையைச் செய்ய வேறு எதையும் கொடுக்காமல் பெட்டியை மட்டும் பிடுங்கினால், அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டு, அடுத்த முறை வரமாட்டார். வரவில்லை.

பால்டிமோர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நீட்டப்படும் கோழிப் பெட்டி, உருளைக்கிழங்கு வறுவல், அதோடு பாதித் தேநீரும் பாதி எலுமிச்சைச் சர்பத்தும் கலந்த 'ஹாஃப் அண்ட் ஹாஃப்'. நள்ளிரவிலும் திறந்திருக்கிற கடை அதுதான். வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஒரு சூடான சாப்பாடு.

அதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ப்ரியா ஃபீல்டிங்-சிங் என்ற சமூகவியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக் குடும்பங்களோடு பழகி எழுதியது என் மனதை விட்டுப் போகவில்லை. ஏழைப் பெற்றோர் நாள் முழுக்கப் பிள்ளையிடம் இல்லை, முடியாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலணி இல்லை, அந்தச் சுற்றுலா இல்லை, அந்த விளையாட்டுச் சாதனம் இல்லை. ஒரு டாலர் சிப்ஸ் பொட்டலத்துக்கு மட்டும் 'சரி, வாங்கிக்கோ' என்று சொல்ல முடிகிறது. அந்த ஒரு 'சரி'யில் தாயாக இருக்கும் சந்தோஷம் இருக்கிறது. வசதியான வீட்டில் தாய் ஆயிரம் விஷயங்களுக்குச் சரி சொல்லிவிட்டு, சிப்ஸுக்கு மட்டும் வேண்டாம் என்பார், அது சுலபம். ஹூஸ்டனில் ஷெரில் ஹியூஸ் குழுவினர் குறைந்த வருமானக் கறுப்பின, இஸ்பானியக் குடும்பங்களைப் பார்த்தபோது, பாசத்தோடு கேட்டதையெல்லாம் கொடுக்கும் பாணியில் வளர்ந்த சிறு பிள்ளைகளின் எடை அதிகமாக இருந்ததும் இதோடு பொருந்துகிறது. உங்கள் பட்டியல் அந்த 'சரி'யை அவரிடமிருந்து பறிக்கச் சொல்கிறது. கொஞ்சம் யோசியுங்கள்.

'முகத்தில் கவலையே தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அழுத்தம் இல்லை என்பதற்கு ஆதாரமாக எடுக்க மாட்டேன். வட கரோலினாவில் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களின் இறுதியில் ஒரு கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். கல்வி இல்லாமல், கடனை எதிர்த்துப் போராடி, சொந்த நிலம் சேர்த்தவர். ஐம்பது வயதுகளிலேயே இரத்த அழுத்தம், மூட்டுவலி, வயிற்றுப் புண் என்று உடம்பு தேய்ந்திருந்தது. அவர் பெயர் ஜான் ஹென்றி மார்ட்டின். நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டுச் சம்மட்டியால் பாறை துளைத்து, வென்றவுடன் விழுந்து இறந்த ஜான் ஹென்றி என்ற நாட்டார் வீரனின் பெயரும் அதுவே. எவ்வளவு சுமை வந்தாலும் இன்னும் கடுமையாக உழைத்துச் சமாளிப்பேன் என்ற அந்தக் குணத்துக்கு 'ஜான் ஹென்றியிசம்' என்றே ஜேம்ஸ் பெயர் வைத்தார். வசதி இல்லாத இடத்தில் அந்தக் குணம் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பது அவருடைய கருத்து. பெண்களைப் பொறுத்தவரை, செரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010-இல் கறுப்பினப் பெண்களிடம் பேசி எழுதியது இதன் மறுபக்கம்: உறுதியாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியைக் காட்டக் கூடாது, யாரிடமும் சாயக் கூடாது, எல்லாருக்கும் உதவ வேண்டும் என்ற கட்டாயம். அதன் பலனாகத் தூக்கமின்மையும் மனக்கவலையில் சாப்பிடுவதும் வருகின்றன. நம் வீட்டுப் பெரியம்மாக்களில் இப்படி ஒருவரையாவது உங்களுக்குத் தெரியும். உங்கள் நோயாளியின் சிரிப்பு எதை மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதையும் மூடவில்லை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் உங்களிடம் சொல்லாததற்கு இன்னும் கடுமையான ஒரு காரணமும் இருக்கலாம். அமெரிக்காவில் 18 வயது ஆவதற்குள் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் விசாரணையைச் சந்திக்கும் பிள்ளைகள் மொத்தத்தில் 37 சதவீதம்; கறுப்பினப் பிள்ளைகளில் 53 சதவீதம் என்று 2017-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பாதிக்கும் மேல்! அதிகாரிகள் கதவைத் தட்டுவது அந்தத் தெருவில் புதிய செய்தி இல்லை. நீங்களும் மருத்துவமனை ஊழியர். சந்தேகம் வந்தால் புகார் செய்ய வேண்டிய சட்டக் கடமை உள்ளவர், அது அவருக்குத் தெரியும். 'இரவில் தூங்க முடியவில்லை, சமயத்தில் எல்லாம் வெறுத்துப் போகிறது' என்று உங்களிடம் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று அவர் கணக்குப் போடமாட்டாரா?

பையனைப் பற்றியும் ஒன்று. 'வெளியே ஓடி விளையாடட்டும்' என்று பட்டியலின் அடியில் எழுதியிருப்பீர்கள், எல்லாரும் எழுதுவோம். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 12 வயது டாமிர் ரைஸைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பிறகு போலீஸ் சங்கத் தலைவர் அந்தச் சிறுவனின் உயரத்தையும் எடையையும் சொல்லி நியாயம் பேசினார். அதே ஆண்டு ஃபிலிப் காஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினச் சிறுவர்களைப் பிறர் உண்மை வயதைவிட மூத்தவர்களாகவும், குழந்தைத்தனம் குறைந்தவர்களாகவும் பார்ப்பது தெரியவந்தது. ஒன்பது வயதில் பெரிய உடம்புள்ள மகனைப் பெற்ற கறுப்பினத் தாய்க்கு, அந்த எடை சர்க்கரை நோய்க் கவலை மட்டுமல்ல. அவனைத் தெருவில் விடாமல் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார வைப்பது அவர் கண்ணில் பாதுகாப்பு. அந்தப் பயத்தை நீங்கள் பெயர் சொல்லிப் பேசாத வரை, உடற்பயிற்சி அறிவுரை காற்றில்தான் போகும். பாடசாலை முடிந்த பிறகு நடக்கும் பயிற்சி, தேவாலய மண்டபத்தில் கூடைப்பந்து என்று பெரியவர்கள் கண்ணெதிரில் இருக்கும் இடங்களைத் தேடித் தருவது உங்கள் வேலை.

மேலாளர் சொன்ன 'ஒத்துழைக்கவில்லை' என்ற வார்த்தையை எழுத வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் நோயாளி தன் மருத்துவக் குறிப்புகளை மின்வழியில் படிக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. அவர் கைப்பேசியில் பார்த்துவிடுவார். சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் கோப்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, கறுப்பின நோயாளிகளின் கோப்பில் இந்த வகை எதிர்மறைச் சொற்கள் இடம்பெறும் வாய்ப்பு வெள்ளையினத்தவருக்கு உள்ளதைவிட இரண்டரை மடங்கு அதிகம் என்று கண்டது. அதற்குப் பதில் நடந்ததை எழுதுங்கள்: தாய்க்கு இரவுப் பணி, காலை நேரச் சந்திப்பு அவருடைய தூக்க நேரத்தில் விழுகிறது, இரண்டு பஸ், மாற்று நேரம் தேவை. மேலாளர் கேட்டால், துல்லியமாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ஆம், கேட்பது உங்கள் வேலைதான். சிகிச்சை உங்கள் வேலை இல்லை. பிள்ளையின் பழக்கங்களை மட்டும் திருத்தப் பார்த்த முயற்சிகள் என்ன ஆயின என்பதற்கு நல்ல உதாரணம் உண்டு. மெம்ஃபிஸிலும் ஓக்லாந்திலும் கறுப்பினச் சிறுமிகளுக்காக இரண்டு ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவு 2010-இல் வந்தது. ஓக்லாந்தில் ஆப்பிரிக்க, ஹிப்-ஹாப் நடன வகுப்பு வைத்தார்கள்; அவர்கள் பண்பாட்டையே அடிப்படையாக எடுத்து அக்கறையோடு செய்த வேலை. சிறுமிகளின் மனச்சோர்வுக் குறிகள் குறைந்தன, கொலஸ்ட்ராலில் நல்ல மாற்றம் இருந்தது, ஆனால் பி.எம்.ஐ.யில் இரண்டு ஊர்களிலும் வித்தியாசம் இல்லை. மறுபக்கம், யேல் பல்கலைக்கழகத்தில் அழுத்தத்தில் இருக்கும் பெற்றோருக்கு எட்டு வாரம் மனநிதானப் பயிற்சியும் உணவு ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்த ஒரு சிறு சோதனை 2018-இல் வெளியானது. உணவு ஆலோசனை மட்டும் பெற்ற பெற்றோரின் சிறு பிள்ளைகளுக்கு எடை அளவு ஏறியது. பெற்றோரின் அழுத்தத்தையும் கவனித்த குழுவில் ஏறவில்லை. சிறிய சோதனைதான், எல்லா இனத்தவரும் கலந்த குழு. இதை வைத்து ஊரையே மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிகிறது.

எப்படிக் கேட்பது? முதலில் தொலைபேசியில் அழையுங்கள், அவர் தூங்கி எழுந்த பிறகு, பிற்பகலில். குடும்பப் பெயரோடு மிஸ் சேர்த்து அழையுங்கள். அவராகச் சொல்லும் வரை முதல் பெயர் வேண்டாம். நீதிமன்றத்தில் தன்னை 'மேரி' என்று மட்டும் கூப்பிட்ட வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போன மேரி ஹாமில்டனுக்காக 1964-இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த நாடு இது. நம் ஊரில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, 'சென்ற மூன்று முறையும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், இந்த முறை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது, எந்த நேரம் மிகக் கஷ்டமானது?' என்று கேளுங்கள். எடை பற்றிய பேச்சை அன்று எடுக்கவே வேண்டாம்.

அவர் பேசத் தொடங்கினால், எதற்காகக் கேட்கிறீர்கள், பதில் எங்கே போகும், எந்த நிலையில் மட்டும் பிறருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். களைப்பும் கவலையும் புகாருக்குரிய விஷயம் அல்ல என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனச்சோர்வைக் கண்டறியும் இரண்டு கேள்வி வினாத்தாள் உங்கள் மையத்திலேயே இருக்கும். அதில் மூன்று புள்ளி அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் ஒப்படையுங்கள். உயிரை வெறுக்கும் பேச்சு வந்தால் அன்றே, அந்த நேரமே ஒப்படைக்க வேண்டும். 988 என்ற நெருக்கடி எண் நாடு முழுவதும் இயங்குகிறது.

அவர் ஏற்கெனவே சமாளிக்கும் வழிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவாலயம், பாடகர் குழு, அக்கா தங்கையோடு தொலைபேசிப் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை தலை பின்னும் நேரம்: உடம்புக்கு விலை வைக்காத வழி ஏதாவது நிச்சயம் இருக்கும். அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க என்ன செய்யலாம் என்பதே கேள்வி. 'உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்' என்ற பத்திரிகை வசனத்தை மட்டும் சொல்லாதீர்கள். நேரம் இல்லை என்பதுதானே நோய். கறுப்பினப் பெண்களைச் சேர்ந்து நடக்க வைக்கும் கேர்ள்ட்ரெக் என்ற அமைப்பு 2010-இலிருந்து இயங்குகிறது. தனியாக உடற்பயிற்சிக் கூடம் போவதைவிடப் பலருக்கு அது ஒட்டிவரும்.

உணவில் ஒரே ஒரு மாற்றம், அதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். என்னைக் கேட்டால் பானத்தில் தொடங்குவேன். கோழிப் பெட்டி இருக்கட்டும். 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' மட்டும் வார நாட்களில் தண்ணீராகட்டும். ஒருவரின் ஆறுதலை முழுதாகப் பிடுங்காமல் சர்க்கரையை நிறையக் குறைக்கும் வழி அது. அடுத்தது தூக்கம். இந்த வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தேவை. அம்மா வேலைக்குப் போன பிறகு பையன் எப்போது தூங்குகிறான் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

பாட்டியை விட்டுவிடாதீர்கள். வீட்டில் அடுப்பு யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் பட்டியல் எழுதுவதில் பொருளில்லை. அவர் சமையலில் வெண்டைக்காய், காராமணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காலர்ட் கீரை எல்லாம் இருக்கும். வெண்டையும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை, நம் சமையலறையிலும் உள்ளவை. உங்களுக்கும் அவருக்கும் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கீரையை உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்காலோடு வேகவைப்பது வழக்கம். பல வீடுகளில் இப்போது வான்கோழிக் கழுத்து போடுகிறார்கள். நீங்கள் திருத்தப் போகாமல், கற்றுக்கொள்ளப் போங்கள். மேற்குப் பால்டிமோர்த் தெருக்களில் குதிரை வண்டியில் பழமும் காய்கறியும் விற்கும் 'அராபர்'கள் எந்த நாளில் அவர் தெருவுக்கு வருகிறார்கள் என்பதும் பாட்டிக்குத்தான் தெரியும்.

பையனை மற்றவர்கள் முன் எடை பார்க்க வேண்டாம். கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள்; அது அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் தாய்மார் இங்கேயும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். குறட்டை விடுகிறானா என்று பாட்டியிடம் கேளுங்கள். விட்டால் தூக்கத்தில் மூச்சுத் தடைக்கான சோதனைக்கு மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு சேர்த்து 3 முதல் 12 மாதங்களில் குறைந்தது 26 மணி நேர நேரடி ஆலோசனை வேண்டும் என்கிறது. இரவுப் பணியும் இரண்டு பஸ்ஸும் உள்ள ஒருவர் அந்த 26 மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? ஆகவே மேலாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: வாரத்தில் ஒரு மாலையில் மையம் திறந்திருக்க முடியுமா, இடையில் சில சந்திப்புகளை வீடியோவில் வைக்க முடியுமா, பையன் மெடிக்கெய்டில் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தால், 21 வயது வரைக்குமான மருத்துவத் தேவைகளை ஏற்க வேண்டிய அதன் பொறுப்பின்கீழ், மையத்துக்கு வந்துபோகும் போக்குவரத்தைப் பெற முடியுமா? மெடிக்கெய்டு பயனாளிகளுக்கு மருத்துவப் பயண உதவி உண்டு, கேட்காதவர்களுக்கு அதை யாரும் சொல்வதில்லை. விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தை மட்டும் விட்டு, அந்தத் தொலைபேசி அழைப்புக்கு முன்பே தயாராக வைத்திருங்கள்.